எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம், 895 கோல்கள்: ஓவெச்கினின் சாதனையை எப்படிப் புரிந்துகொள்வது?

2025 ஏப்ரல் 6ஆம் தேதி, நியூயார்க்கை ஒட்டிய எல்மான்ட்டில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் பாதியில் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை, நடுவருடன் தகராறும் இல்லை. வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் அலெக்சாண்டர் ஓவெச்கின் கோல் அடித்துவிட்டு, 39 வயதில், சின்னப் பையனைப் போல ஐஸ் தளத்தில் குப்புற விழுந்து சறுக்கினார். சக வீரர்கள் எல்லாரும் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்புறம் அவருடைய அம்மா, மனைவி, இரண்டு மகன்கள் தளத்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். 1999இல் ஓய்வு பெற்ற வெயின் கிரெட்ஸ்கியும் வந்து அவருடைய கையைக் குலுக்கி வாழ்த்தினார். கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனைதான் சற்றுமுன் உடைந்திருந்தது.

அன்றைய ஆட்டத்தில் கேப்பிடல்ஸ் 4-1 என்று தோற்றது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே சில கேள்விகள் வரும். 894 என்பது எதையெல்லாம் சேர்த்த கணக்கு? அதை உடைக்க ஏன் கால் நூற்றாண்டு ஆனது? அப்படியானால் கிரெட்ஸ்கியைவிட ஓவெச்கின் பெரிய ஆட்டக்காரரா? அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

ஆட்டம்: தேவையான அளவுக்கு

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்குத் தளத்தில் ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று முன்கள வீரர்கள். தலா 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. சுமார் 170 கிராம் எடை, ஓர் அங்குலக் கனம். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். கோலின் அகலம் ஆறடி, உயரம் நான்கடி. அந்தச் சின்ன வாயை, உடம்பு முழுக்கப் பஞ்சுக்கவசம் போட்ட ஒருவர் அடைத்துக்கொண்டு நிற்பார்.

வேகம் அதிகம் என்பதால் யாரும் நீண்ட நேரம் தளத்தில் நிற்க முடியாது. முக்கால் நிமிடம் ஆடிவிட்டு வெளியே வருவார்கள், வேறொருவர் உள்ளே போவார். ஒரு முன்னணி வீரருக்கே அறுபது நிமிட ஆட்டத்தில் இருபது நிமிடம்தான் கிடைக்கும்.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பவர் பிளே. எதிரணி வீரர் ஒருவர் தவறு செய்தால் தண்டனைப் பெட்டியில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில், கோல்கீப்பர்களைச் சேர்க்காமல், நம் பக்கம் ஐந்து பேர், அவர்கள் பக்கம் நான்கு பேர். ஓவெச்கினின் கதையில் பெரும்பகுதி இந்த இரண்டு நிமிடங்களுக்குள் நடக்கிறது.

894 என்பது எதன் கணக்கு?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல்.லில், லீக் சுற்று ஆட்டங்களில் அடித்த கோல்கள் மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும். ஓவெச்கின் ஆடிய பெரும்பாலான பருவங்களில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். சேராதவை இவை:

1. பிளே-ஆஃப் எனப்படும் கோப்பைச் சுற்று கோல்கள். கிரெட்ஸ்கிக்கு இதில் மட்டும் 122 உண்டு. அதையும் சேர்த்தால் அவருடைய கணக்கு 1,016. அந்தக் கூட்டுத்தொகையை ஏப்ரல் 6 அன்று ஓவெச்கின் தாண்டியிருக்கவில்லை.

2. வேறு லீகுகளில் அடித்தவை. கிரெட்ஸ்கி என்.எச்.எல்.லுக்கு வருமுன் டபிள்யூ.எச்.ஏ. என்ற போட்டி லீகில் 46 கோல் அடித்தார். ஓவெச்கின் மாஸ்கோவின் டைனமோ அணிக்காக ரஷ்யாவில் அடித்ததும் சேராது.

3. ஒலிம்பிக், உலகக் கோப்பை ஆட்டங்கள்.

கிரெட்ஸ்கிக்கு முன் இந்தச் சாதனை கோர்டி ஹோவிடம் இருந்தது, 801 கோல்கள். கிரெட்ஸ்கி அதை 1994 மார்ச்சில் தாண்டினார். அப்போது அவருக்கு வயது 33. அதன் பிறகு ஐந்து பருவங்களுக்கு மேல் ஆடியும் 92 கோல்களைத்தான் சேர்க்க முடிந்தது. கடைசிப் பருவத்தில் வெறும் 9. ஓவெச்கினோ சாதனையை உடைத்த பருவத்தில், 39 வயதில், 44 கோல் அடித்தார். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை 895ஐவிட வியப்பானது இதுதான்.

மாஸ்கோவில் தொடக்கம்

ஓவெச்கின் 1985 செப்டம்பர் 17 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அம்மா தாத்யானா சோவியத் கூடைப்பந்து அணியில் 1976, 1980 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர். அப்பா மிகயில் கால்பந்து ஆடியவர். மகன் முதுகில் 8ஆம் எண்ணைப் போட்டுக்கொள்வது அம்மாவின் எண் என்பதால்தான்.

அவரை ஹாக்கியில் நிலைக்க வைத்தவர் அண்ணன் செர்கெய். பெற்றோருக்கு வேலை ஓயாததால் பயிற்சிக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் நின்றுபோக இருந்தது. அண்ணன் பிடிவாதம் பிடித்துத் தம்பியைத் திரும்பச் சேர்த்துவிட்டார். ஓவெச்கினுக்குப் பத்து வயதானபோது கார் விபத்தில் அடிபட்ட அந்த அண்ணன் இறந்துபோனார். பின்னாளில் தன் மூத்த மகனுக்கு ஓவெச்கின் வைத்த பெயர் செர்கெய். ஏப்ரல் 6 அன்று தளத்தில் அவர் பக்கத்தில் நின்ற சிறுவர்களில் ஒருவன் அவன்தான்.

16 வயதில் டைனமோவின் பெரியவர்கள் அணியில் இடம் கிடைத்தது. அமெரிக்க அணிகள் கண் வைக்கத் தொடங்கின.

டிராஃப்ட், கதவடைப்பு, ஒப்பந்தம்

ஐபிஎல் ஏலத்தில் எந்த வீரரையும் பணம் வைத்திருக்கும் எந்த அணியும் கேட்கலாம். என்.எச்.எல். டிராஃப்ட் வேறு மாதிரி. புதிய இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. முதல் இடம் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். பேரம் பேசும் உரிமை தேர்ந்தெடுத்த அணிக்கு மட்டுமே.

வயது வரம்புக்கு செப்டம்பர் 15 கடைசி நாள். இரண்டு நாள் பின்தங்கிப் பிறந்ததால் ஓவெச்கின் 2003 டிராஃப்டுக்குத் தகுதி பெறவில்லை. ஆனாலும் புளோரிடா பேந்தர்ஸ் அணி அந்த ஆண்டே அவரைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தது. லீப் ஆண்டுகளில் வந்த கூடுதல் நாட்களைக் கணக்கிட்டால் அவருக்கு வயது ஆகிவிட்டது என்று வாதாடினார்கள். லீக் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு குலுக்கலில் வென்ற வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது.

எடுத்ததும் ஆட முடிந்ததா என்றால், இல்லை. 2004-05இல் அணி உரிமையாளர்கள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று கேட்க, வீரர்கள் சங்கம் மறுக்க, கதவடைப்பு வந்தது. ஒரு பருவம் முழுவதும் ரத்தானது. அந்த ஆண்டு லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை யாரும் தூக்கவில்லை. ஓவெச்கின் மாஸ்கோவிலேயே ஆடி ரஷ்யப் பட்டம் வென்றார். 2005 அக்டோபர் 5 அன்று வாஷிங்டனில் அறிமுகமானபோது முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். முதல் பருவத்தில் 52. அதே ஆண்டு அறிமுகமான கனடாவின் சிட்னி கிராஸ்பியை முந்திச் சிறந்த புதுமுக விருதையும் பெற்றார்.

2008 ஜனவரியில் 13 ஆண்டுகளுக்கு 12.4 கோடி டாலர் ஒப்பந்தம். என்.எச்.எல்.லில் பத்து கோடி டாலரைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் அது. ஏஜென்ட் யாரும் இல்லாமல் தானே பேசி முடித்தார். 2021இல் இன்னும் ஐந்து ஆண்டுகள் சேர்ந்தன. பணத்தைவிட நமக்கு முக்கியமான விளைவு வேறு. கிரெட்ஸ்கியை 1988இல் எட்மன்டன் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றது, அவர் மொத்தம் நான்கு அணிகளில் ஆடினார். ஓவெச்கின் 895 கோலையும் ஒரே அணிக்காக அடித்தார். பயிற்சியாளர்கள் மாறினார்கள், கூட ஆடியவர்கள் மாறினார்கள். அவரை நடுவில் வைத்துப் பின்னிய பவர் பிளே மட்டும் மாறவில்லை.

இடது வட்டம்: தெரிந்தும் தடுக்க முடியாத இடம்

கோலுக்கு இரு பக்கமும் தளத்தில் இரண்டு பெரிய சிவப்பு வட்டங்கள் வரைந்திருப்பார்கள். கோலைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வரும் வட்டத்தின் மேல் விளிம்பு, கோலிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தூரம். அதை ஓவெச்கினின் 'ஆபீஸ்' என்றே வர்ணனையாளர்கள் சொல்வார்கள். பவர் பிளே தொடங்கியதும் அங்கே போய் நிற்பார். அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும், எதிரணிக்கும், கோல்கீப்பருக்கும் பக் கடைசியில் அங்கேதான் வரும் என்று தெரியும். வரும், அடிப்பார். 895இல் 300க்கு மேற்பட்டவை பவர் பிளே கோல்கள், அதுவும் ஒரு சாதனை. 895ஆவது கோலே அந்த இடத்திலிருந்து போனதுதான்.

தெரிந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? காரணங்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை.

1. அவர் வலது கை ஆட்டக்காரர். ஸ்டிக்கின் அலகு அவருடைய உடம்புக்கு வலப்பக்கம் இருக்கும். இடது ஓரத்தில் நிற்கும்போது அது தளத்தின் நடுவை நோக்கித் திறந்திருக்கும். வலமிருந்து வரும் பாஸை நிறுத்தாமலே அப்படியே அடிக்கலாம். இதற்கு ஒன்-டைமர் என்று பெயர். இடது கைக்காரர் அங்கே நின்றால் பக் அவர் உடம்பைத் தாண்டிப் போன பிறகுதான் அடிக்க முடியும்.

2. கோல்கீப்பர் எப்போதும் பக் இருக்கும் பக்கம் உடம்பைத் திருப்பி நிற்க வேண்டும். பக் வலப்பக்கம் இருக்கும்போது அவரும் அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தை ஒட்டி நிற்பார். குறுக்கே ஒரு பாஸ் போனால் முழங்காலில் சறுக்கி அடுத்த கம்பத்துக்கு வர வேண்டும். பக் நின்று, சரிசெய்து, அடிக்கப்பட்டால் வந்து சேர்ந்துவிடலாம். ஒன்-டைமரில் அந்த அரை நொடி கிடைக்காது.

3. ஸ்டிக் வில்லைப் போல வளையும். நன்றாக அடிப்பவர் பக்குக்குச் சற்று முன்பே ஐஸைத் தட்டுவார். தண்டு வளைந்து, நிமிரும்போது பக்கை உந்திவிடும். ஆஜானுபாகுவான ஓவெச்கின் உடல் எடை முழுவதையும் அந்தத் தட்டலில் இறக்குவார். ஒற்றை முழங்கால் ஏறத்தாழ ஐஸைத் தொடும்.

4. இதுதான் விடுகதையின் முடிச்சு. எதிரணியில் நான்கு பேர்தான். அதில் ஒருவரை ஓவெச்கினோடு ஒட்டி நிற்கவைத்தால் மற்ற இடத்தில் நான்குக்கு மூன்று என்றாகிவிடும், அது இன்னும் ஆபத்து. பல ஆண்டுகள் கேப்பிடல்ஸ் அணியில் வலப்பக்கம் நின்று பக்கைக் கையாண்டவர் ஸ்வீடனின் நிக்லஸ் பேக்ஸ்ட்ராம். தடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு மறுபக்கம் பாஸ் கொடுத்துவிடுவார்.

இதோடு அவர் அடித்துக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்க்க வேண்டும். கோலை நோக்கி அடித்த ஷாட்களின் எண்ணிக்கையிலும் என்.எச்.எல். வரலாற்றில் முதலிடம் அவருக்கே. கிரெட்ஸ்கிக்கு நூறு ஷாட்டுக்கு ஏறக்குறைய 17 அல்லது 18 கோல். ஓவெச்கினுக்கு 13.

இரண்டு காலங்களை எப்படி ஒப்பிடுவது?

ஏப்ரல் 6 அன்று ஓவெச்கின் ஆடியது அவருடைய 1,487ஆவது ஆட்டம். கிரெட்ஸ்கி மொத்தம் ஆடியதும் 1,487 தான். ஆட்ட எண்ணிக்கை இப்படிப் பொருந்திப்போனதால் ஒப்பீடு சுலபம் என்று தோன்றும். சுலபமில்லை.

1. கிரெட்ஸ்கி 92 கோல் அடித்த 1981-82 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்த்துச் சராசரியாக 8 கோல். ஓவெச்கினின் சிறந்த ஆண்டுகளில் அது ஐந்தரையை ஒட்டி இருந்தது. கோல்கீப்பர்கள் முழங்காலில் விழுந்து அடிப்பக்கத்தை அடைக்கும் பாணிக்கு மாறினார்கள், கவசங்கள் பெரிதாயின, தடுப்பாட்டம் திட்டமிட்டு நடந்தது. அந்தக் காலத்தில்தான் 2007-08இல் ஓவெச்கின் 65 அடித்தார். அடுத்த இடத்தில் இருந்தவர் 52.

2. ஓவெச்கின் இழந்த ஆட்டங்கள். 2004-05இல் 82, இன்னொரு கதவடைப்பால் 2012-13இல் 34, கொரோனாவால் 2019-20இல் 13, அடுத்த பருவத்தில் 26. ஆக 155 ஆட்டங்கள், கிட்டத்தட்ட இரண்டு முழுப் பருவங்கள்.

3. மறுபக்கமும் உண்டு. கடைசி நிமிடங்களில் தோற்கும் அணி கோல்கீப்பரையே வெளியே எடுத்துக் கூடுதல் தாக்குதல் வீரரை இறக்கும். அந்த வெற்றுக் கோலில் ஓவெச்கின் அடித்தவை 60க்கு மேல், கிரெட்ஸ்கி 56. கூடுதல் நேரத்தில் அணிக்கு மூவர் மட்டும் ஆடும் விதி கிரெட்ஸ்கி காலத்தில் கிடையாது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், கோல் அடிப்பதில் ஓவெச்கினுக்கு நிகர் வரலாற்றில் இல்லை என்பது என் முடிவு. ஆனால் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பது தனிக் கேள்வி. ஹாக்கியில் கோலுக்கு வழிவகுத்த பாஸுக்கும் ஒரு புள்ளி உண்டு. கிரெட்ஸ்கியின் பாஸ் புள்ளிகள் மட்டுமே 1,963. அவருடைய 894 கோலையும் அழித்துவிட்டால்கூட மொத்தப் புள்ளியில் அவரை முந்த யாருமில்லை. அந்தக் கணக்கை ஓவெச்கின் தொடவே இல்லை.

குறைகளும் கோப்பையும்

தடுப்பில் உதவமாட்டார், கோல் மட்டுமே குறி என்ற குற்றச்சாட்டு அவர்மீது நெடுநாள் இருந்தது. ஆதாரமும் இருந்தது. 2013-14இல் 51 கோல் அடித்தும் அவருடைய பிளஸ்-மைனஸ் மைனஸ் 35. அதாவது சம ஆள் பலத்தில் அவர் தளத்தில் இருந்தபோது அணி அடித்ததைவிட வாங்கியது 35 அதிகம். கிராஸ்பியின் பிட்ஸ்பர்க் அணி 2009, 2016, 2017 மூன்று முறையும் கோப்பைச் சுற்றில் வாஷிங்டனை வீட்டுக்கு அனுப்பியது.

2018இல்தான் அது மாறியது. பிட்ஸ்பர்க்கை வீழ்த்தி, இறுதியில் வேகாஸை ஐந்து ஆட்டங்களில் வென்று ஸ்டான்லி கோப்பை. கோப்பைச் சுற்றில் 15 கோல் அடித்த ஓவெச்கினே மிக மதிப்புமிக்க வீரர்.

புதின் படம்

895ஐக் கொண்டாடாதவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஓவெச்கின் ரஷ்ய அதிபர் புதினை வெளிப்படையாக ஆதரித்தவர். 2017இல் புதினுக்காக ஒரு ஆதரவு இயக்கத்தையே சமூக வலைத்தளத்தில் அறிவித்தார். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாள், போர் வேண்டாம் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். புதினைக் கண்டித்து எதுவும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து எடுத்த படம் அவருடைய இன்ஸ்டாகிராம் முகப்பில் அப்படியே இருந்தது. செக் நாட்டின் முன்னாள் கோல்கீப்பர் டொமினிக் ஹாசெக் அவரைக் கடுமையாகச் சாடினார். ரஷ்யாவில் இருக்கும் பெற்றோர், உறவினருக்காகத்தான் மௌனம் என்று சிலர் வாதாடினார்கள். அந்தப் பயம் உண்மையாக இருக்கலாம். ஆனால் 2017இல் அந்த இயக்கத்தை அறிவிக்க அவரை யாரும் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. அவர் அடித்த கோல்களைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது என்று நினைக்கிறேன்.

உடைந்த எலும்பும் அடுத்த ஆளும்

2024-25 தொடங்கும்போது அவருடைய கணக்கு 853. முதல் 18 ஆட்டங்களில் 15 கோல். நவம்பர் 18 அன்று யூட்டா அணியுடன் ஆடும்போது இரண்டு கோல் அடித்த பிறகு, ஒரு வீரரோடு கால் மோதி இடது காலின் சிற்றெலும்பு உடைந்தது. 39 வயதுக்காரருக்கு அது பருவத்தையே முடித்துவிடக்கூடிய காயம். 16 ஆட்டங்களைத் தவறவிட்டு, டிசம்பர் 28 அன்று டொராண்டோவில் திரும்பி வந்தார். அன்றே ஒரு கோல், 869. அதிலிருந்து நூறு நாட்களில் 895. அன்று எதிரே நின்ற நியூயார்க் ஐலண்டர்ஸ் கோல்கீப்பர் இல்யா சரோக்கினும் ரஷ்யர்தான். கிரெட்ஸ்கியின் 894ஆவது கோலும் ஐலண்டர்ஸுக்கு எதிராகவே போனது. 2025 நவம்பரில் ஓவெச்கின் 900ஐத் தொட்டார்.

இனி இதை யார் உடைப்பார்? டொராண்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். ஓவெச்கினின் அதே செப்டம்பர் 17, ஆனால் 1997இல் பிறந்தவர். 2023-24இல் ஒரே பருவத்தில் 69 கோல். 2024-25 முடிவில், 27 வயதில், அவருடைய கணக்கு 401. அதே வயதில் ஓவெச்கினிடம் இருந்தது 371. ஆக மேத்யூஸ் 30 கோல் முன்னால்தான் இருந்தார். ஆனால் அங்கிருந்து 900ஐத் தாண்ட அவருக்கு இன்னும் 500 வேண்டியிருந்தது. வருடத்துக்கு 40 என்று வைத்தாலும் பன்னிரண்டரை வருடம், அதாவது 40 வயது வரைக்கும். 2024-25இல் காயங்களுக்கு நடுவே அவரால் அடிக்க முடிந்தது 33.